வாயுள்ள பிள்ளை

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. திருச்சியில் பலர் பொரிகடலையைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் போட மறந்து டி.வி. பார்த்த சாயங்காலம் அது. 5.40-க்கு ஷார்ஜா கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எடை குறைந்தால்தான் பத்திரமாக இறங்கலாம். போயிங் 737-ல் எரிபொருளை நடுவானில் கொட்டிவிடும் வசதி கிடையாது. பறந்து பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் வட்டம் வட்டமாகச் சுற்றிவிட்டு, இரவு எட்டேகால் வாக்கில் சமர்த்தாகத் தரையிறங்கியது. உள்ளே 140 பேருக்கு மேல். ஸ்ரீரங்கத்தில் யார் யார் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்ற கணக்கு ரங்கநாதரிடம் இருக்கும்.

பைலட்டுகளுக்குப் பாராட்டு குவிந்தது. நியாயம்தான். ஆனால் ஒரு குழப்பம். விமான நிலையம் 'முழு எமர்ஜென்சி' என்று அறிவித்து ஆம்புலன்ஸ்களை வரிசையாக நிறுத்தியது. கம்பெனியோ, 'எங்கள் பைலட்டுகள் எமர்ஜென்சி அறிவிக்கவில்லை' என்றது. யார் சொன்னது பொய்? இரண்டும் நிஜம்தான். பைலட் வாய் திறந்து கேட்காவிட்டாலும், கீழே இருப்பவர்கள் முன்ஜாக்கிரதையாக அறிவிக்கலாம். இதை அரை நிமிஷத்தில் விளக்கக்கூடிய ஆசாமி டவரில் இருந்தார். பேசத்தான் முடியாது.

"டவர்லயா? பிளேனுக்குக் கொடி காட்டறவாதானே?" என்கிறார் சித்திரை வீதி நண்பர்.

இல்லை ஓய்! கொடி காட்டுபவர் தரையில் நிற்கிறவர், வேறு ஆள். ஏர் டிராஃபிக் கன்ட்ரோலருக்கு வேலையே வாயால்தான். ஒரு விமானம் இப்படிச் சுற்றினால், அந்த வட்டத்துக்குள் வேறு எதுவும் நுழையாமல் விலக்க வேண்டும். உள்ளே எத்தனை பேர், எரிபொருள் எவ்வளவு என்று கேட்டு தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். குரல் மட்டும் நடுங்கக் கூடாது. நடுங்கினால் மேலே இருப்பவருக்கும் தொற்றிக்கொள்ளும்.

2018 அக்டோபர் 12-ம் தேதியும் அப்படித்தான். (திருச்சிக்கும் அக்டோபருக்கும் ஏதோ ஜாதகப் பொருத்தம்.) நள்ளிரவு தாண்டி துபாய் கிளம்பிய விமானம் ஆன்டெனாவையும் காம்பவுண்டுச் சுவரையும் இடித்துக்கொண்டே மேலே போனது. 'எல்லாம் நார்மல்' என்றார் பைலட். 'நீங்கள் எதையோ இடித்த மாதிரி தெரிகிறது' என்ற விஷயத்தை அவருக்குச் சொன்னது கன்ட்ரோல்தான். கடைசியில் மும்பையில் இறங்கி, 136 பேரும் பிழைத்தார்கள்.

இவ்வளவு பேசுகிறவர்கள் பத்திரிகைக்காரரைக் கண்டால் ஊமை. விமான நிலைய ஆணையத்தின் ஊழியர்கள் அவரவர் இஷ்டத்துக்குப் பேட்டி கொடுக்க நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், அதாவது சுஜாதா, பி.ஈ.எல்.லுக்குப் போகுமுன் இதே வேலை பார்த்தவர். அவருக்குப் பேனா இருந்தது. மற்றவர்களுக்கு இருக்கிற ஒரே வாய், ஏ.டி.சி. கில்ட் என்கிற அவர்களுடைய சங்கம்.

சங்கம் என்றதும் ஸ்டிரைக், கோஷம், வாயிற்கூட்டம் என்று கற்பனை ஓடும். அமெரிக்காவில் அப்படித்தான் ஓடியது. 1981 ஆகஸ்ட் 3-ம் தேதி 'பாட்கோ' சங்கத்தின் சுமார் 13,000 கன்ட்ரோலர்கள் வேலையை நிறுத்தினார்கள். வாரத்துக்கு 32 மணி நேர வேலை, வருஷத்துக்கு 10,000 டாலர் சம்பள உயர்வு என்று கேட்டார்கள். உழைத்துக் களைத்த கண்களால் ராடாரைப் பார்ப்பது ஆபத்து என்ற வாதம் ஜனங்கள் காதில் ஏறவில்லை. 10,000 டாலர் மட்டும் ஏறியது. முந்தின வருஷ எலெக்ஷனில் அவர்கள் ஆதரித்த அதே ரீகன் 48 மணி நேரக் கெடு வைத்தார். பிறகு 11,345 பேரை வீட்டுக்கு அனுப்பினார். சங்கமும் அங்கீகாரத்தை இழந்தது.

1987-ல் பிறந்த அடுத்த சங்கம் பாடம் படித்துக்கொண்டது. 2018-19-ல் அமெரிக்க அரசாங்கம் 35 நாள் முடங்கியபோது, கன்ட்ரோலர்கள் சம்பளமில்லாமல் வேலைக்குப் போனார்கள். ஓய்வு நேரத்தில் ஏர்போர்ட் வாசலில் நின்று, 'இது உங்கள் பாதுகாப்புப் பிரச்னை' என்று பயணிகளுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். கேட்டது அதே கன்ட்ரோலர்தான். கேட்ட விதம்தான் வேறு.

நம் கில்டும் கடிதம் எழுதுகிறது. டெல்லி, மும்பை ஆட்டோமேஷன் சிஸ்டங்கள் மந்தமாகிவிட்டன, புதுப்பியுங்கள் என்று 2025 ஜூலையில் எச்சரித்திருந்தது. நவம்பர் 7-ம் தேதி டெல்லியில் விமானத் திட்டங்களை அனுப்பும் மெசேஜ் சிஸ்டம் படுத்துவிட, கையால் எழுதி வேலை பார்த்தார்கள். 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம். படுத்தது வேறு பெட்டி என்று வாதாடலாம். 'பழைய பெட்டிகளைக் கவனியுங்கள்' என்று சொன்னவர்களின் கடிதம் நாலு மாசம் கழித்துத்தான் தலைப்புச் செய்தி ஆயிற்று என்பதை மறுக்க முடியாது. அதே ஆண்டு ஆகஸ்டில் பார்லிமென்ட் கமிட்டியும் கன்ட்ரோலர் பற்றாக்குறையையும் அவர்களுடைய அசதியையும் சுட்டிக்காட்டியது.

ஆபீசில் நீங்களும் நானும் மத்தியானம் மூணு மணிக்குக் கண்ணசந்தால், ஃபைல் ஒரு நாள் லேட்டாகப் போகும். அவர்கள் அசந்தால்?

ஆகவே, கில்டுக்கு ஒரு சிபாரிசு. கடிதங்களை மந்திரிக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் புரிகிற தமிழில் எழுதுங்கள். சம்பளத்தைப் பற்றி எட்டாவது பாராவில் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஹெட்செட் மாட்டியிருக்கிறீர்கள் என்பதை முதல் பாராவில் சொல்லுங்கள். ஆணையமும், இன்னொரு விமானம் இப்படி வட்டமடிக்கும் சாயங்காலத்தில் (ரங்கா, வேண்டாம்!) டவர் பாஷை தெரிந்த ஒருவரை மைக் முன்னால் நிறுத்தட்டும். அந்த அரை நிமிஷம் கிடைத்தால், நாங்கள் பொரியை நிம்மதியாகச் சாப்பிடுவோம்.