அவரவர் மாடி, அவரவர் வெயில்

"சோலாரெல்லாம் தனி வீட்டுக்காரங்களுக்கு சார். ஃப்ளாட்டுக்கு ஒத்து வராது."

மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் பொதுக்குழுவில் போன மாதம் உதிர்ந்த முத்து இது. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, மிக்சரும் காபியும் கொடுத்து நடந்த கூட்டம். இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண், தண்ணீர் மோட்டாருக்கும் லிப்டுக்குமாவது மாடியில் சோலார் போடலாமே என்று கேட்டுவிட்டார். செயலாளர் பதில் சொன்னதும் அத்தனை தலையும் ஆமாம் ஆமாம் என்று ஆடியது. "மாடியில இடம் ஏதும்மா?" என்றார் ஒருவர். "வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று முணுமுணுத்தார் இன்னொருவர். அத்தோடு விஷயம் முடிந்தது. அடுத்த பொருள், மாடியில் செல்போன் டவர் வைக்க ஒரு கம்பெனி வாடகை தருகிறேன் என்று சொன்னது பற்றி. ஐந்து நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது. இடம் எங்கே என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அந்த மாடியைத்தான் பார்ப்போமே. சாவி மூன்றாம் மாடிக்காரர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. வடாம் காயப்போடக்கூட அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மேலே நான்கு சின்டெக்ஸ் டேங்க், என்றோ செத்துப்போன டிஷ் ஆன்டெனாக்களின் துருப்பிடித்த குடைகள், யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத உடைந்த சோபா ஒன்று. மிச்சமெல்லாம் வெறும் தரை. சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. இந்த மாடியில்தான் இடமில்லை என்கிறார்கள்.

ஒரு கிலோவாட் சோலாருக்குச் சுமார் 100 சதுர அடி போதும். சென்னை வெயிலில் அது ஒரு நாளைக்குச் சுமார் நான்கு யூனிட் கொடுக்கும். எங்கள் மாடியில் கால்வாசியை இதற்கு விட்டால்கூடப் பத்து கிலோவாட் உட்காரும். அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்கு 2022 செப்டம்பரில் தனி விகிதம் கொண்டுவந்து யூனிட்டுக்கு 8 ரூபாய் போட்டார்கள். ஊரெல்லாம் சத்தம் கிளம்பியது. அடுத்த வருஷம் லிப்ட் இல்லாத, மூன்று மாடிக்குள், பத்து வீட்டுக்குள் உள்ள கட்டிடங்களுக்கு மட்டும் ஐந்தரை ரூபாயாகக் குறைத்தார்கள். லிப்ட் வைத்திருக்கும் எங்களுக்கு அதுவும் இல்லை. அந்த 8 ரூபாயைத் திட்டி வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள்தான் அன்று தலையாட்டியவர்களும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கென்றே கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. பொது விளக்கு, லிப்ட், மோட்டார், மின்வண்டி சார்ஜிங் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். "ஃப்ளாட்டுக்கு ஒத்து வராது" என்ற சங்கதி டெல்லியில் திட்டம் போட்டவர்களுக்கு எட்டவில்லை போலிருக்கிறது.

எங்கள் செயலாளர் ஒருவர் என்றால் விட்டுவிடலாம். நகரத்தில் பாதிப் பேர் நம்புவது இதைத்தான்: சூரிய மின்சாரம் என்றால் ஒன்று கமுதியில் 2,500 ஏக்கரில் பரப்பி வைத்த 648 மெகாவாட் பண்ணை, இல்லையென்றால் அண்ணா நகரில் சொந்த பங்களாவின் சொந்த மாடி. நடுவில் ஒன்றும் கிடையாது. தெரு என்று ஒன்று இல்லை, வார்டு என்று ஒன்று இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்வது என்பதே மேற்கு மாம்பலத்தில் நவராத்திரி கொலு பார்க்கப் போவதோடு சரி.

இவர்களுக்கெல்லாம் நான் ஓடந்துறையைச் சொல்வேன்.

ஓடந்துறை தெரியாதவர்களுக்கு: மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, ஊட்டி போகும் வழியில்தான் இருக்கிறது. மே மாதம் பிறந்தால் ஊட்டிக்கு ஓடும் சென்னைக்காரர்கள் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்து போகும் ஊர். அந்த ஊராட்சி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. விலை 1 கோடியே 55 லட்சம். ஊராட்சி சேர்த்து வைத்திருந்த 40 லட்சத்தைப் போட்டார்கள், மிச்சத்துக்கு வங்கியில் கடன் வாங்கினார்கள். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் கட்டிய கரண்ட் பில் ஊராட்சியின் கழுத்தை நெரித்ததுதான் தொடக்கம். அப்போது தலைவராக இருந்த ஆர். சண்முகம் அந்த பில்லைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்காரவில்லை. ஊருக்கு வேண்டியது போக மீதி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள், அந்த வருமானத்தில் கடனைக் கட்டினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை! உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் மைவாடியில் நிற்கிறது. தங்கள் ஊரில் காற்று போதாது என்று தெரிந்ததும் காற்று அடிக்கும் ஊரில் கொண்டுபோய் நட்டார்கள். காற்று அங்கே, கணக்கு இங்கே. "எங்க மாடியில நிழல் விழுதே", "எனக்கு மாடியே இல்லையே", "நான் வாடகைக்கு இருக்கேனே" என்று நகரத்து ஆட்கள் அடுக்கும் அத்தனை சாக்குக்கும் ஓடந்துறை 2006-லேயே பதில் சொல்லிவிட்டது. மாடி இருப்பவனுக்குத்தான் மின்சாரம் என்றால் ஓடந்துறைக்குக் காற்றாலை எப்படி வந்தது?

"அது கிராமம் சார், சிட்டிக்குச் சரிப்படாது" என்பார்கள். ஏன், கிராமத்து யூனிட்டில் வாட் குறைவா? சரி, சிட்டியே வேண்டுமென்றால் கோபன்ஹேகனைப் பாருங்கள். கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், கடலுக்குள் 2000-ஆம் ஆண்டில் 20 காற்றாலைகளை நட்டார்கள். மொத்தம் 40 மெகாவாட். அதில் பாதி, நகரத்தின் மின் நிறுவனத்துக்கு; மறுபாதி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கு வாங்கிய ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு. (நம் ஊரில் கூட்டுறவுச் சங்கம் என்றால் நகைக்கடன் தள்ளுபடி நினைவுக்கு வருகிறது, அது தனிக் கதை.) ஆனால் கோபன்ஹேகனைச் சொன்னால் "அது வெளிநாடு சார்" என்று வரும். ஆகவே நான் ஓடந்துறையை விடுவதாக இல்லை.

சட்டம் இடம் தராது என்பவர்களும் உண்டு. ஓரிடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் பல வீட்டு மீட்டர்களின் கணக்கில் பங்கு பிரித்துக் கழித்துக்கொள்ளலாம் என்று டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே வழிகாட்டு நெறிமுறை போட்டது. பேனல் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் இருக்கலாம். பில்லில் குறைவது தெருமுனையில் ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கு. மாடி வேறு, மீட்டர் வேறு என்று பிரித்துப் பார்த்தால் போதும், பாதித் தடை போய்விடுகிறது. கேட்டால்தானே இங்கேயும் கிடைக்கும்? கேட்க வேண்டியவர்கள் டவர் வாடகையைப் பங்கு போடுவதில் மும்முரமாக இருக்கிறார்கள்.

அவரவர் மாடியில் அவரவர் போட்டுக்கொண்டால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கும் புத்திசாலிகள் ஒரு விஷயத்தை யோசிப்பதே இல்லை. தெருவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. எத்தனை கிலோவாட் சோலாரை அதோடு இணைக்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. முன்னால் வந்தவருக்கே இடம் என்ற முறையில் போனால் யார் முன்னால் வருவார்? மூன்று கார் நிற்கும் வீட்டுக்காரர் வருவார். மாடி பெரியது, கையில் பணம், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் அவருக்குத்தான். அவர் பத்து கிலோவாட் போட்டு பில்லைச் சுழியமாக்கிக்கொண்ட பிறகு, பின்னால் வரும் இருபது வீட்டுக்கு "டிரான்ஸ்பார்மர்ல கெபாசிட்டி இல்ல" என்று கடிதம் வரும். வெயில் எல்லார் தலையிலும் விழுகிறது, இணைப்பு மட்டும் அவர் தலைமுறைக்கே பட்டா. இந்த டிரான்ஸ்பார்மர் எவ்வளவு தாங்கும், இந்தத் தெருவில் வெயில் நன்றாக விழும் மாடி எது, மாநகராட்சிப் பள்ளியா, கல்யாண மண்டபமா, பஸ் டிப்போவா, அதில் யார் யாருக்குப் பங்கு என்று முதலில் உட்கார்ந்து யோசித்துப் போடுவதுதான் திட்டம். மற்றதெல்லாம் தீபாவளிக்குத் தி.நகரில் இடம் பிடிப்பது.

பள்ளிக்கூடம் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். சனி, ஞாயிறு, காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறை என்று வெயில் அடிக்கும் பல நாள் பூட்டிக் கிடக்கும் மாடிகள் அவை. பேனல் வைத்தால் பள்ளிக்குச் செலவாவது கொஞ்சம், மீதியெல்லாம் தெருவுக்கு. அந்த மாடிகளில் இப்போது ஆலங்கன்று முளைத்திருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய், ஜெனரேட்டர் வைத்திருந்த கடை வாசலில் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். எங்கள் தெருவில் சொந்த மாடியில் சோலார் வைத்திருந்த கனவான் ஒருவரும் அதே வரிசையில் நின்றார். பலருக்கு இது தெரியாது: பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் அடிபட்டுச் சாகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. புயல் போய் வெயில் அடித்த பிறகும் அவர் வீட்டு ஃபேன் ஓடவில்லை. பள்ளி மாடியில் தெருவுக்குப் பொதுவாகச் சோலாரும், கூடவே ஒரு பேட்டரியும், கம்பியிலிருந்து பிரிந்து தனியாக ஓடும் ஏற்பாடும் இருந்திருந்தால் அன்று குடிநீர் மோட்டாராவது ஓடியிருக்கும், செல்போனாவது உயிரோடு இருந்திருக்கும். ஒற்றை வீட்டுக்காரர் வாங்க யோசிக்கும் பேட்டரியை ஐம்பது வீடு சேர்ந்தால் வாங்கலாம்.

தனித்தனியே நடக்காது, எல்லாரும் சேர்ந்தால்தான் பலன் என்பது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 2003-ல் மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமாக்கினார் ஜெயலலிதா. அன்றைக்கும் "என் வீட்டுத் தண்ணி என் கிணத்துக்கு வருமா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பூமிக்கு அடியில் போன தண்ணீர் காம்பவுண்டு சுவரைப் பார்த்து நிற்பதில்லை என்று சென்னைக்கே அப்போது புரிந்தது. தெருவில் எல்லாரும் குழி வெட்டியதால்தான் எல்லார் கிணற்றிலும் ஊறியது. அந்தக் குழிகளில் பாதி இன்று மண்மூடிக் கிடப்பதும், அடுக்ககங்கள் மாதா மாதம் டேங்கர் லாரிக்கு அழுவதும், அதே அடுக்ககங்கள் மின்வண்டிக்கு ஒரு பிளக் பாயின்ட் கேட்டால் தீப்பிடிக்கும் என்று அலறிக்கொண்டு கீழே டீசல் ஜெனரேட்டரை வைத்திருப்பதும் எல்லாம் ஒரே வியாதிதான். பொது என்றால் யாருடையதும் இல்லை, யாருடையதும் இல்லை என்றால் டவருக்கு வாடகைக்கு விடலாம்.

ஓடந்துறையில் இதை முடிவு செய்ய ஒரு கிராமசபை இருந்தது. நகரத்தில் அப்படி ஒன்று இல்லை என்று சாக்கு சொல்ல முடியாது. மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் 2022 நவம்பர் 1 அன்று முதல் தடவையாகப் பகுதி சபைகள் கூடின. அதற்குப் போய்ப் பாருங்கள். தெரு நாய், சாக்கடை அடைப்பு, எரியாத விளக்கு என்று வரிசையாகப் புகார். எரியாத விளக்கை மாற்றித் தரச் சொல்லத் தெரிகிறது. அதை எரிக்கும் மின்சாரத்தை வார்டே உற்பத்தி செய்யலாமே என்று கேட்கும் வாயைக் காணோம். கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இந்த வார்டில் மொத்தம் எத்தனை டிரான்ஸ்பார்மர், ஒவ்வொன்றிலும் இன்னும் எவ்வளவு சோலார் இணைக்கலாம், இதுவரை எந்தெந்த வீட்டுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், மாநகராட்சிக்குச் சொந்தமான மாடிகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்குச் சாவி யாரிடம் இருக்கிறது. அடுத்த பகுதி சபைக்குள் அந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்ட மறுத்தால் ஓடந்துறைக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து தினமும் இரவு மேட்டுப்பாளையம் போகிறது.