ஓம்புயிர் வெறும் பாத்திரம் அன்று: மீன்வழிக் குடல் தட்டைப்புழு ஆய்வுகளில் கவனிக்க வேண்டியவை

“மீனிலிருந்து பிரித்தெடுத்த மெட்டாசெர்கேரியாக்கள் ஆய்வக விலங்குக்கு ஊட்டப்பட்டன, முதிர்ந்த புழுக்கள் கிடைத்தன.” ஒட்டுண்ணியியல் ஆய்வேடுகளில் எளிதாக எழுதப்பட்டுவிடும் வாக்கியம் இது. எந்த விலங்கு, எத்தனை நாள் வயதுடையது, எத்தனை மெட்டாசெர்கேரியாக்கள் ஊட்டப்பட்டன, எத்தனை புழுக்கள் மீண்டன, குடலின் எப்பகுதியில் இருந்தன என்னும் வினாக்களுக்கு விடையில்லாதபோது அவ்வாக்கியம் ஏறக்குறைய எதையும் தெரிவிப்பதில்லை. ஓம்புயிரைப் புழு வளரும் பாத்திரமாக மட்டும் கருதும் பழக்கமே இக்குறைக்குக் காரணம்.

ஹெட்டிரோபையிடே குடும்பத்துப் புழுக்களை எடுத்துக்கொள்ளலாம். முட்டையிலிருந்து தோன்றும் இளவுயிரி முதலில் நத்தையில் பெருகுகிறது. நத்தையை விட்டு நீந்தி வெளிவரும் செர்கேரியா மீனுக்குள் புகுந்து, உறை சூழ்ந்த மெட்டாசெர்கேரியாவாகத் தங்குகிறது. அம்மீனைப் பச்சையாகவோ சரியாக வேகாமலோ உண்ணும் பறவை, பூனை, நாய், மனிதர் ஆகியோரின் சிறுகுடலில் அது முதிர்கிறது. இரைப்பையின் அமிலமும் பெப்சினும், பின்னர் குடலின் டிரிப்சினும் பித்தநீரும் அடுத்தடுத்துச் செயல்படும்போது உறை கழன்று இளம்புழு வெளிவரும். இச்சூழல் விலங்குக்கு விலங்கு வேறுபடும். எனவே ஓம்புயிரின் தாக்கம் புழு குடலில் ஒட்டுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

மெட்டகோனிமஸ் யோகோகாவாய் இனத்தில் இதன் அடுத்த கட்டங்கள் தெளிவாகப் பதிவாகியுள்ளன. 1911-இல் தைவானில் யோகோகாவா கண்டறிந்த இப்புழுவைக் கொரிய ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் விலங்குகளில் வளர்த்து ஆராய்ந்தனர். தொடக்க நாள்களில் இளம்புழுக்கள் லீபர்கூன் சுரப்பிக் குழிகளுக்குள் புகுந்திருக்கின்றன. முதிர்ந்தபின் குடலுறிஞ்சிகளின் இடைவெளிகளுக்கு நகர்கின்றன. குடலுறிஞ்சிகள் குறுகுகின்றன, சுரப்பிக் குழிகள் நீள்கின்றன. நாயிலும் பூனையிலும் நன்கு நிலைபெறும் இப்புழுவைச் சுண்டெலியின் குடல் சில வாரங்களில் பெரும்பாலும் வெளியேற்றிவிடுகிறது. கோப்பை வடிவ செல்களின் பெருக்கமும் கோழைச் சுரப்பும் மாஸ்ட் செல்களும் அவ்வெளியேற்றத்தோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன.

சுண்டெலியை மட்டும் கண்டவர் “இது தானாகவே நீங்கிவிடும் எளிய தொற்று” என்று முடிவுகட்டக்கூடும். ஆனால் பிரெட்னிசலோன் கொடுத்து நோயெதிர்ப்பை ஒடுக்கிய சுண்டெலிகளில் புழுக்கள் கூடுதலாகவும் நெடுநாளும் பிழைத்தன. சில இனங்களில், வழக்கமாகத் தங்கும் சளிப்படலத்தைக் கடந்து அதன் கீழுள்ள படலம் வரை ஊடுருவியும் காணப்பட்டன. புழு அதேதான், ஓம்புயிரின் நிலை மட்டுமே மாறியது. பிலிப்பைன்சில் ஆஃப்ரிகா, டி லியோன், கார்சியா ஆகியோர் மனித இதயத்தில் ஹெட்டிரோபையிடே முட்டைகள் படிந்திருந்ததை 1930-களில் அறிவித்து, 1940-இல் விரிவான நூலாகவும் வெளியிட்டனர். நலமுள்ள இளஞ்சுண்டெலியின் குடலை மட்டும் கொண்டு அத்தகைய சிக்கலை எவரும் முன்னறிந்திருக்க இயலாது.

இரண்டாவது இடர் வகைப்பாட்டில் எழுகிறது. இப்புழுக்கள் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் அளவே உடையவை. ஓம்புயிரின் இனம், தொற்றின் வயது, ஒரே குடலில் நெருக்கியிருக்கும் புழுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கேற்ப உடல் அளவும் கருப்பையிலுள்ள முட்டைகளின் எண்ணிக்கையும் மாறும். கோழிக்குஞ்சில் ஐந்தாம் நாள் எடுத்த புழுவையும் பூனையில் இருபதாம் நாள் எடுத்த புழுவையும் அளவுகோலால் மட்டும் ஒப்பிட்டால் ஓர் இனம் இரண்டாகத் தோன்றலாம்.

இவையெல்லாம் கிழக்காசியாவின் கவலைகள் என ஒதுக்க இயலாது. விசாகப்பட்டினத்தின் நன்னீர் ஓடை ஒன்றில் கிடைத்த நத்தைகளையும் மீன்களையும் கொண்டு, ஹாப்லார்கிஸ் பூமிலியோவின் வாழ்க்கைச் சுழற்சியை உமாதேவி, மாதவி ஆகியோர் முழுமையாக விளக்கி 2006-இல் வெளியிட்டனர். இயற்கையில் மடையான், உண்ணிக்கொக்கு ஆகிய பறவைகளில் இருந்த புழுவை அவர்கள் ஆய்வகத்தில் ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகளில் வளர்த்தனர். அதே குடும்பத்துப் புரொசெரோவம் வேரியத்தின் வாழ்க்கைச் சுழற்சியையும் அவர்களே 2000-இல் வெளியிட்டிருந்தனர். அப்போது அது பறவைக் குடற்புழு பற்றிய அமைதியான ஆய்வாகவே பலருக்குத் தோன்றியிருக்கும்.

2016-இல் நிலை மாறியது. தென்னிந்தியாவில் குளத்திலும் ஆற்றிலும் குளித்த குழந்தைகளின் கண்களில் தோன்றிய கட்டிகளை அறுவைசிகிச்சையில் எடுத்து அவற்றின் டி.என்.ஏ.வை ஆராய்ந்தபோது, அது புரொசெரோவம் வேரியத்தோடு மிகவும் ஒத்திருந்தது. அப்பகுதி நீர்நிலைகளின் மெலனாய்ட்ஸ் டியூபர்குலேட்டா நத்தைகள் வெளியிட்ட செர்கேரியாக்களும் அவ்வாறே ஒத்தன. விசாகப்பட்டின ஆய்வில் தியாரா டியூபர்குலேட்டா என்று குறிக்கப்பட்டதும் இந்நத்தையே. மீனுக்குள் நுழைய வேண்டிய இளவுயிரி குழந்தையின் கண்ணை அடைந்ததாகவே இதைக் கருத வேண்டியிருக்கிறது. வாய்வழியாக ஊட்டும் சோதனை எதுவும் இவ்வழியைக் காட்டியிராது.

டி.என்.ஏ. வரிசையே போதும், விலங்கில் வளர்க்கும் பழைய முறை எதற்கு என்று இன்று கேட்கப்படுகிறது. வரிசை என்பது ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி. ஒப்பிடுவதற்கு, முதிர்ந்த புழுவின் உறுப்பமைப்பைக் கண்டு சரியாகப் பெயரிட்ட சான்று ஒன்று முன்பே இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் தவறான பெயரோடு ஒரு வரிசை ஏறினால், அடுத்து வருபவர்களும் அத்தவற்றையே தொடர்வர். மெட்டாசெர்கேரியாவின் தோற்றத்தை மட்டும் கொண்டு இனத்தை உறுதிசெய்வதும் பல நேரங்களில் கடினம். ஆகவே இரு முறைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

விலங்கு நலன் பற்றிய எதிர்ப்பு இதைவிட வலுவானது. அதற்கு நேர்மையான விடை தேவை. விலங்குகளுக்கு மாற்று காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த கோட்பாடு, முழுமையற்ற பதிவை மன்னிப்பதில்லை. அரைகுறையாகப் பதிவான சோதனையை மற்றொருவர் மீண்டும் செய்ய நேரும். அதற்கு மேலும் பல உயிர்கள் செலவாகும். நிறுவன விலங்கு நெறிக்குழுக்கள் விலங்குகளின் எண்ணிக்கையைக் கேட்பதோடு, ஒவ்வொன்றிலிருந்தும் என்னென்ன தரவுகள் பதிவாகும் என்பதையும் கேட்க வேண்டும்.

நெறியாளர்கள் உடனே வலியுறுத்தத்தக்கவை சில உள்ளன. ஊட்டிய எண்ணிக்கையும் மீட்பு விகிதமும் இல்லாத வளர்ச்சித் தரவை ஏற்கக் கூடாது. குறைந்தது இரு வேறு காலப் புள்ளிகளில் புழுக்கள் எடுக்கப்பட வேண்டும். தொற்று ஏற்படாத விலங்குகளின் விவரமும் வெளியிடப்பட வேண்டும். எந்த ஓம்புயிர் பொருந்தாது என்பதும் அறிவுதான். ஒரே தொற்றில் கிடைத்த புழுக்களில் சிலவற்றைச் சாயமேற்றிய சான்று மாதிரிகளாக அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, சிலவற்றின் வரிசையை அதே எண்ணோடு இணைத்துப் பதிவு செய்ய வேண்டும். “சுண்டெலியில் நோய்க்குறி இல்லை” என்னும் முடிவை மனிதருக்கு நீட்டி எழுதுவதை நிறுத்த வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. பொறுமையும் பயிற்சியும் போதும். நத்தையைப் பேணவும், மீனின் தசையைப் பெப்சினில் செரிக்கவைத்து மெட்டாசெர்கேரியாவைப் பொறுக்கி எண்ணவும், குடலைத் திறந்து புழு இருக்கும் இடத்தைக் குறிக்கவும் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்று வருகின்றனர். ஒவ்வொரு பல்கலைக்கழக விலங்கியல் துறையும் அவர்களிடமிருந்து இரண்டு மாணவர்களையேனும் இக்கலையில் இப்போதே பயிற்றுவிக்க வேண்டும். குளத்தில் இறங்கும் குழந்தையின் கண்ணில் அடுத்து காணப்படும் புழுவுக்குப் பெயர் சொல்ல வேண்டியவர்கள் அம்மாணவர்களே.