பெட்டியைக் கழட்டாதீங்க

"இதைக் கழட்டிட்டுப் புது ஃப்ரேம்ல போட்டுக் குடுத்துருங்ணா." கோவை உக்கடத்தில் ஃப்ரேம் கடை வைத்திருக்கும் என்னிடம் பழைய படத்தோடு வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். கழற்றும்போது குப்பைக்குப் போவது மரச்சட்டம் மட்டுமல்ல. பின்னட்டையில் இருக்கும் ஸ்டுடியோ முத்திரையும், யாரோ பென்சிலில் எழுதிவைத்த வருஷமும் பேரும் கூடவே போய்விடுகின்றன. பல குடும்பங்களில் அந்தப் பெரியவரைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே எழுத்து அதுதான்.

பழைய படம் வீட்டுக்கு மட்டுமல்ல, சிலைக்கும் தேவை. நம் ஊரில் மில் வாசலிலும் கல்லூரி வாசலிலும் நிறுவனரின் மார்பளவுச் சிலை நிற்கும். சிற்பியின் கையில் கொடுப்பது பெரும்பாலும் ஒரு பழைய போட்டோதான். அது நேர்முகப் படமாக மட்டும் இருந்தால், மூக்கு எவ்வளவு எடுப்பு, பின்தலை எப்படி என்பதெல்லாம் அவருடைய ஊகம்.

புகைப்படம் பிறந்த காலத்தில் இது தலைகீழாக நடந்தது. சிலையைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். 1839இல் பாரிஸில் டகேரின் புகைப்பட முறை வெளியானபோது ஒரு படம் பதியப் பல நிமிஷம் பிடித்தது. உயிருள்ள மனிதர் அத்தனை நேரம் அசையாமல் இருக்க முடியாது. வெள்ளைச் சுதைச் சிலை இருக்கும். இங்கிலாந்தில் புகைப்பட முன்னோடி டால்பட் 1844 முதல் வெளியிட்ட தன் புத்தகத்தில் கிரேக்க வீரன் பட்ரோக்ளஸ் சிலையின் படத்தைச் சேர்த்தார். நிழல் விழும் பக்கத்தில் வெள்ளைத் துணியைப் பிடித்தால் முகம் தெளியும் என்றும் எழுதியிருக்கிறார். இன்று ஸ்டுடியோக்காரர்கள் தெர்மாகோல் அட்டையை வைத்துச் செய்வதும் அதே வேலைதான்.

கேமரா வருமுன் இறந்தவர்களுக்குச் சிலைப் படம்தான் கதி. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1827இல் இறந்தார், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1832இல். புகைப்படத்தில் நாம் பார்ப்பது வெண்கலத்தில் வார்த்த மன்றோவையும் பளிங்குச் சரபோஜியையும் மட்டுமே.

டகேர் முறையில் எடுத்த படம் வெள்ளி பூசிய செப்புத் தகடு. அதன் மேல் பித்தளை விளிம்பு, அதற்கு மேல் கண்ணாடி, மூன்றையும் சுற்றிக் காகித நாடா. இத்தனையும் தோலொட்டிய சிறு மரப்பெட்டிக்குள் இருக்கும். மூடியின் உட்புறம் வெல்வெட். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால்தான் உருவம் தெரியும், நேராகப் பிடித்தால் நம் முகமே தெரியும். உருவம் தகட்டின் மேற்பரப்பில் தூசு போல் படிந்திருப்பதால், கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தால் போயிற்று. அந்தப் பெட்டி வெறும் அலங்காரம் இல்லை. காற்றும் விரலும் படாமல் படத்தைக் காத்தது அதுதான். இன்னொன்று, டகேர் படத்தில் பெரும்பாலும் இடவலம் மாறியிருக்கும். அதைப் பார்த்துச் சிலை செய்தால் தலை வகிடு தப்பான பக்கம் போய்விடும்.

சிலையின் படம்தானே என்று யாரும் அசட்டையாக இருக்கக் கூடாது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் நின்றார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டுத்தான் அவர் நம்முடையவர் என்று நிறுவ முடிந்தது. 2014இல் திரும்பி வந்தார். அந்தப் பழைய படத்தை யாராவது தூக்கிப் போட்டிருந்தால் எதைக் காட்டிக் கேட்டிருப்போம்?

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளுக்கு வீட்டைக் காலிசெய்து மூட்டை கட்டி அனுப்புகிறவர்களிடம் கேட்கிறேன்: கண்ணாடித் தகடோ, மூடிபோட்ட சிறு பெட்டியோ கண்ணில் பட்டால் துடைக்காதீர்கள், பிரிக்காதீர்கள். சட்டம் மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழைய பின்னட்டையையும் கேட்டு வாங்கிப்போய்ப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட அருங்காட்சியகங்கள் மாதம் ஒரு நாளாவது குடும்பப் படங்களை இலவசமாக ஸ்கேன் செய்து, விவரம் எழுதி, மூலத்தை வீட்டாரிடமே திருப்பித் தரவேண்டும். மில்களும் கல்லூரிகளும் தங்கள் நிறுவனர் சிலைக்கு ஆதாரமான போட்டோவைத் தேடி எடுத்து, சிற்பியின் பெயரோடு சேர்த்துக் கோப்பில் வைக்கட்டும். சிலையடியில் உள்ள கல்வெட்டுகள் பலவற்றில் திறந்துவைத்தவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.