அடிபட்டவரையே இடம் மாற்றுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கு லண்டனில் ஒரு ஹவுசிங் அசோசியேஷனின் அடுக்குமாடியில் குடியிருப்பவன் நான். எங்கள் மாடியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றுக்கு நடந்ததையும், வாடகை வாங்கும் நிறுவனம் அதற்குச் செய்ததையும் பொதுவில் சொல்லியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் இது தொடங்கியது. கீழ்மாடிக்காரர் ஒருவர் அந்த வீட்டு அக்காவைப் படியில் கண்டால் "உன்ர நாட்டுக்குப் போ" என்று கத்துவார். சமையல் மணத்தைச் சொல்லி ஏசுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளை வழிமறித்து நிற்பார். பிறகு கதவிலுள்ள தபால் துவாரத்துக்குள்ளால் நாய் மலம் வந்து விழுந்தது. ஒருநாள் விடியக் கதவைத் திறந்தால், கறுப்பு மையால் பெரிய எழுத்தில் இனவசை. உடனேயே அலுவலகத்துக்கு அறிவித்தும் அழிக்க ஆள் வரவில்லை. பிள்ளைகளின் கண்ணில் படக்கூடாது என்று, கோயிலில் கொடுத்த கலண்டரைக் கதவின் வெளிப்பக்கத்தில் ஒட்டி அதை மறைத்தார் அக்கா.

ஆளுக்குப் பதிலாக வந்தது ஒரு கட்டு 'டயரி' தாள்கள். திகதி, நேரம், என்ன நடந்தது, யார் கண்டது என்று கட்டம் போட்டவை. அக்கா இரவில் இருந்து எல்லாவற்றையும் தமிழில் விபரமாக எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி திருப்பி அனுப்பினார்கள். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும் எண்ணம் ஒருவருக்கும் வரவில்லை. நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு வந்த பதிலில் விடயம் 'அயலவர் தகராறு' என்று பதியப்பட்டிருந்தது. இரண்டு பகுதியையும் ஒரு மேசையில் இருத்தி மத்தியஸ்தம் செய்யலாமாம். யாருக்கும் யாருக்கும் தகராறு? ஒரு பக்கம் ஏசுகிறது, மறுபக்கம் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறது. இதில் என்ன சமரசம் பேசுவது? அக்கா மறுத்துவிட்டார். அடுத்ததாக வந்தது இடமாற்றப் படிவம்.

இந்த இடமாற்றத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். உயிருக்குப் பயந்து ஒரு குடும்பம் தானே கேட்டால் அன்றிரவே பாதுகாப்பான இடம் கொடுக்க வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் கேட்காத குடும்பத்தை, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் தெரிந்த அயலையும் விட்டுப் போகச் சொல்வது, ஏசியவர் விரும்பியதை அலுவலகமே செய்து கொடுப்பதாகும். நாளைக்கு அந்த வீட்டுக்கு இன்னொரு கறுப்பினக் குடும்பமோ வங்காளக் குடும்பமோ வந்தால் அவர்களுக்கும் இதேதான் நடக்கும்.

"பொலிஸ் வழக்குப் போடட்டும், பிறகு பார்ப்போம்" என்கிறார் வீட்டு அதிகாரி. இது சரியான பேச்சல்ல. வாடகை ஒப்பந்தத்திலேயே அயலவரைத் துன்புறுத்தக் கூடாதென்ற நிபந்தனை இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் சமூகவிரோத நடத்தைச் சட்டத்தின் கீழ், வீட்டு நிறுவனமே சிவில் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கலாம். குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். வன்முறையோ மிரட்டலோ இருந்தால், உத்தரவை மீறுகிறவரைக் கைது செய்யும் அதிகாரத்தையும் நீதிபதி அதனுடன் சேர்க்கலாம். படியில் ஒரு கண்காணிப்புக் கமரா, தபால் துவாரத்துக்குத் தீத்தடுப்புப் பெட்டி, எழுத்தைப் படம் எடுத்துவிட்டு அன்றைக்கே அழிக்க ஒரு தொழிலாளி: இவை எதற்கும் பொலிஸுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் இனவெறிக் கொலை பற்றிய மக்பெர்சன் அறிக்கை 1999இல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறிச் சம்பவம் என்று கருதினால் அதை அப்படியே கொள்ள வேண்டும் என்றது அந்த அறிக்கை. பொலிஸ் மட்டுமல்ல, உள்ளூராட்சி மன்றங்களும் ஏனைய அமைப்புகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சமூக வீடமைப்பு ஒழுங்குமுறை அமைப்பின் தரவிதிகளும், வெறுப்புச் சம்பவங்களை எப்படித் தடுப்போம், எப்படிக் கையாள்வோம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கின்றன. எங்கள் நிறுவனமும் வழவழப்பான தாளில் அழகாகச் சொல்லித்தான் இருக்கிறது. ஆயிரம் வீட்டுக்கு எத்தனை வெறுப்புச் சம்பவம் என்ற கணக்கையும் இந்த நிறுவனங்கள் வெளியிட வேண்டும். அக்காவின் முறைப்பாடு 'அயலவர் தகராறு' என்ற பெட்டிக்குள் போனதால் அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. எண் குறைவாக இருக்கும். நிறுவனம் நல்ல பெயர் வாங்கும்.

இப்படிப் பதிவதால் என்ன நடக்கும் என்பதை பிரிஸ்டல் நகரம் பார்த்திருக்கிறது. ஈரானில் இருந்து அகதியாக வந்தவர், மாற்றுத்திறனாளி, கவுன்சில் வீட்டில் குடியிருந்தவர் பிஜான் இப்ராஹிமி. அயலவர்களின் துன்புறுத்தலைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பொலிஸிடமும் கவுன்சிலிடமும் முறையிட்டு வந்தார். அவர்கள் எதிர்த்தரப்பின் பேச்சை நம்பி, முறையிட்டவரையே தொல்லைக்காரராகப் பார்த்தார்கள். 2013 ஜூலையில், ஓர் அயலவரின் நடத்தையைப் படம் பிடித்த அவர் மீது சிறுவர்களைத் தப்பான நோக்கத்தில் படம் எடுக்கிறார் என்ற பொய்ப் பழி விழுந்தது. பொலிஸ் அவரையே கைது செய்தது. குற்றம் எதுவும் இல்லையென்று வீட்டுக்கு அனுப்பியது. மறுபடியும் மறுபடியும் பொலிஸுக்குத் தொலைபேசி எடுத்தார், பாதுகாப்புக் கிடைக்கவில்லை. ஜூலை 14 அதிகாலை அந்த அயலவர் அவரை மிதித்துக் கொன்று, உடலுக்குத் தீ வைத்தார். கவுன்சிலிடமும் பொலிஸிடமும் நிறுவன ரீதியான இனவெறிக்குச் சான்று இருந்தது என்று 2017 டிசம்பரில் வெளியான சுயாதீன மீளாய்வு சொன்னது. நாலு வருடம் கழித்து.

எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. "ஏன் வீண் வம்பு, விசா விடயத்தில் பிழைத்துப் போகும்" என்று பலர் வாய் திறப்பதில்லை. முறைப்பாடு கொடுத்ததற்காக யாருடைய விசாவும் பறிபோகாது. எழுத்தில் கொடுங்கள், இது இனவெறிச் சம்பவம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள், பிரதி ஒன்றை வைத்திருங்கள். நிறுவனம் சரியாக நடக்காவிட்டால் அதன் மீதே முறைப்பாடு செய்யலாம்; முதல் கட்டப் பதிலுக்கு 10 வேலை நாள், இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலை நாள். அதிலும் திருப்தி இல்லையென்றால் ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. ஆறு மாதத்தில் மூன்று தடவை முறையிட்டும் பயனில்லை என்றால், பொலிஸும் கவுன்சிலும் வீட்டு நிறுவனமும் சேர்ந்து விடயத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையும் உண்டு.

அக்கா இடமாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. பதிவைத் திருத்த வேண்டும், தடை உத்தரவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், இனிமேல் தமிழ் மொழிபெயர்ப்பாளருடன் பேச வேண்டும் என்று கேட்டு எங்கள் மாடிக்காரர் பலர் கையொப்பமிட்ட கடிதம் அலுவலகத்துக்கும் எங்கள் பகுதிக் கவுன்சிலர்களுக்கும் போயிருக்கிறது. உங்கள் நிருபர் ஒருவர் அந்த அலுவலகத்திடம் ஒரேயொரு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்: கடந்த ஆண்டில் இனவசை பற்றி முறையிட்ட குடும்பங்களில் எத்தனை இடம் மாற்றப்பட்டன, ஏசியவர்களில் எத்தனை பேர் மீது நீதிமன்றம் போனீர்கள்? கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கிழக்கு லண்டன்