அருவி மூடியிருந்தால் வந்தவர்களுக்கு என்ன தருவது? தேனி சுற்றுலாவின் ‘கொசுறு’ கணக்கு

‘கும்பக்கரை அருவியில் குளிக்கத் தடை.’ தேனி மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்தத் தலைப்பு மனப்பாடம். வருஷத்துக்குப் பல முறை வரும். சில நாள் கழித்து, ‘தடை நீக்கம், சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்’ என்று அடுத்த செய்தி வரும். இந்த இரண்டு செய்திகளுக்கும் நடுவே ஒரு வேன் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

விருதுநகர் பக்கமோ திண்டுக்கல் பக்கமோ இருந்து விடியற்காலையில் கிளம்பிய வேன். புளிசாதம், மாற்றுத்துணி, துண்டு, தாத்தா, பாட்டி, நான்கைந்து வாண்டுகள். பெரியகுளத்தைத் தாண்டி சுமார் 9 கிலோமீட்டர் வந்து இறங்கினால், ‘தண்ணி ஜாஸ்தியா வருதுண்ணே, இன்னைக்கு விடமாட்டாங்க’ என்ற பதில். வேன் திரும்புகிறது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாது.

தடை தவறு என்று சொல்ல வரவில்லை. கும்பக்கரைக்குத் தண்ணீர் வருவது மேலே கொடைக்கானல், வட்டக்கானல் மலைப்பகுதியில் பெய்யும் மழையில் இருந்து. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கொட்டிய மழை நிமிடங்களில் பாறைகளுக்கு நடுவே பாய்ந்து வரும். வனத்துறை தடை போடுவதால்தான் உயிர்கள் தப்பிக்கின்றன. கேள்வி வேறு: குளிக்க முடியாது என்று ஆன பிறகு, வந்தவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் வேறு எதுவுமே இல்லையா?

தீம் பார்க் எங்கிருந்து வந்தது இங்கே?

சென்னையை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்டது. 64 ஏக்கர், 43 ரைடுகள், 600 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு. தேனிப் பிள்ளைகளுக்கு மதுரை பரவையில் ‘அதிசயம்’ இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி வொண்டர்லா இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கை, சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்து இதுபோன்ற முதலீடுகளை வரவேற்கிறது. ஒரு நாள் லீவு கிடைத்தால் குடும்பத்தோடு எங்கே போவது என்ற போட்டியில், சுருளியும் வைகை அணையும் இந்தப் பூங்காக்களோடுதான் இப்போது மோதுகின்றன.

இரும்பையும் மோட்டாரையும் வைத்து தேனி மோத முடியாது. மோதவும் வேண்டாம். ஆனால் பெரிய பூங்காக்கள் ரைடை மட்டும் நம்பிப் பிழைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1955 ஜூலையில் அமெரிக்காவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்த முதல் நாள் பெரும் குளறுபடி. கள்ள டிக்கெட்டில் கூட்டம் நுழைந்தது, குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் பல இடங்களில் குடிநீர்க் குழாயே இல்லை. அங்கிருந்து தொடங்கிய நிறுவனம், வருகிறவரை ‘விருந்தினர்’ என்றும், ஊழியரை ‘நடிகர் குழு’ என்றும் அழைக்கிற ஒரு முறையை உருவாக்கியது. முதல் முறை வந்த குழந்தைக்கும் பிறந்தநாள் கொண்டாடும் குழந்தைக்கும் காசில்லாமல் ஒரு வட்ட பேட்ஜ். அதைப் பார்க்கும் ஊழியர்கள் எல்லாம் வாழ்த்துவார்கள். ஐஸ்கிரீம் கீழே விழுந்து அழுகிற குழந்தைக்கு இன்னொன்று. வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் ஒதுக்கி யாராவது ஒருவருக்கு எதிர்பாராத ஒன்றைச் செய் என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதற்கு ஆங்கிலத்தில் ஏதேதோ பெயர். நமக்கு ஒரே சொல் போதும்: கொசுறு. காய்கறி வாங்கினால் கேட்காமலே பையில் விழும் கறிவேப்பிலைக் கொத்து.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. சென்னை விஜிபி பூங்காவுக்குச் சின்ன வயதில் போனவர்களைக் கேட்டுப்பாருங்கள். எந்த ராட்டினத்தில் ஏறினோம் என்பது மறந்திருக்கும். வாசலில் அசையாமல் நின்ற சிலை மனிதர் மறந்திருக்க மாட்டார். அவரைச் சிரிக்க வைக்க எத்தனை குரங்குச் சேட்டை செய்தோம்! அந்த மகிழ்ச்சிக்குத் தனி டிக்கெட் கிடையாது. (மணிக்கணக்கில் நின்ற அவருடைய கால் வலிக்கு என்ன விலை என்பது வேறு கேள்வி. அதற்கும் வருவோம்.)

வீரபாண்டியில் இன்னொரு சுற்று

தேனியில் தீம் பார்க் இல்லை என்று சொல்வதுகூட முழு உண்மை அல்ல. வருஷத்தில் 8 நாள் இருக்கிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவில் ஒரு பக்கம் தீச்சட்டி, ஆயிரங்கண் பானை. இன்னொரு பக்கம் முல்லைப் பெரியாற்றுக் குளியல். மற்றொரு பக்கம் வானத்தைத் தொடும் ராட்டினங்கள். ராவும் பகலும் கூட்டம்.

அங்கே ராட்டினம் சுற்றி முடியும் நேரத்தில், ‘இன்னொரு சுத்து விடுங்கண்ணே!’ என்று தொட்டியில் இருந்து ஒரு குரல் வரும். கூட்டம் குறைவாக இருந்தால் ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். உச்சியில் ஒரு நொடி நிறுத்துவார். ‘ஓ...’ என்று ஒரே சத்தம். அந்த ஒரு சுற்றுக்கு ஆகும் டீசல் செலவு சொற்பம். அடுத்த வருஷம் அதே பிள்ளை, ‘அந்த அண்ணன் ராட்டினம்தான் வேணும்’ என்று இழுத்துக்கொண்டு வரும்.

கூடலூர் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் நடப்பதும் இதே கதைதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் சீசன் முடிந்தாலும் இங்கே வருஷம் முழுக்கக் குலை தொங்கும் என்பது கம்பம் பள்ளத்தாக்கின் பெருமை. தேக்கடிக்குப் போகும் கேரளக் குடும்பங்களும், குமுளி வழியாகத் திரும்பும் ஐயப்ப பக்தர்களும் ரோட்டோரத் தோட்டங்களைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டுகிறார்கள். பந்தலுக்குக் கீழே குளுகுளுவென்று நிழல், தலையில் இடிக்கும் கருநீலக் குலைகள். தோட்டக்காரர் ஒரு சின்னக் குலையை வெட்டிக் கழுவிக் கையில் கொடுத்து, ‘சாப்பிட்டுப் பாருங்க, காசு வேணாம்’ என்கிறார். அப்புறம் அந்தக் குடும்பம் இரண்டு கிலோ வாங்காமல் போகுமா? வியாபாரத் தந்திரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிறவர் முகத்திலும் சந்தோஷம் இருக்கிறதே!

ஏன் அவரால் முடிகிறது, இவரால் முடியவில்லை?

விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. திராட்சைக்காரர் நல்லவர், அருவி வாசலில் டிக்கெட் கிழிப்பவர் சிடுசிடுப்பானவர் என்று நாம் சுலபமாகப் பேசிவிடுகிறோம். அப்படி இல்லை. திராட்சை அவருடையது, ஒரு குலையை வெட்ட அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவரிடம் வரிசை எண் போட்ட டிக்கெட் கட்டு இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் கணக்குக் கேட்பார்கள். கொசுறு கொடுக்க மனசு மட்டும் போதாது, உரிமையும் வேண்டும்.

ரிட்ஸ் கார்ல்டன் என்ற ஓட்டல் நிறுவனம் இதில் பிரபலம். ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்கவோ அவரை மகிழ்விக்கவோ, எந்த ஊழியரும் மேலதிகாரியைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவழிக்கலாம் என்பது அவர்கள் விதி. நடைமுறையில் அவ்வளவு பணம் தேவைப்படுவது அபூர்வம். ‘முடிவு உன்னுடையது’ என்று ஊழியரிடம் சொல்வதுதான் அந்த விதியின் வேலை.

நம் இடங்களின் நிலைமையைப் பாருங்கள். கும்பக்கரை வனத்துறையிடம். சுருளி அருவி, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள். வைகை அணைப் பூங்கா நீர்வளத்துறையிடம். விருந்தினரை மகிழ்விப்பது இந்தத் துறைகளின் வேலைப் பட்டியலிலேயே இல்லை. காடு, விலங்கு, அணை, பாசனம் இவைதான் அவர்களின் கடமை, நியாயமும் அதுதான். சுற்றுலாத் துறை விழா நடத்தும், விளம்பரம் செய்யும். வாசலில் தினமும் நிற்கும் ஆள் அதன் ஆள் அல்ல. ஆக, வேனில் வந்த பிள்ளைக்குப் பொறுப்பான துறை என்று ஒன்று கிடையாது.

ஏமாற்றமான நாளில்தான் கொசுறுக்கு மதிப்பு

1993-ல் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் ஒரு வேடிக்கையான சோதனை நடத்தினார்கள். ஒரு முறை, 14 டிகிரி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைக்க வேண்டும். இன்னொரு முறை, அதே ஒரு நிமிடத்துக்குப் பிறகு மேலும் 30 நொடி. அந்த 30 நொடியில் நீரின் குளிர் 15 டிகிரி வரை மெல்லக் குறையும். எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட நேரம் குளிரில் வைத்ததையே தேர்ந்தெடுத்தார்கள்! முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததுதான் காரணம். நீளத்தைவிட உச்சமும் முடிவுமே மனதில் தங்குகின்றன என்பது ஆய்வின் கருத்து. கானமன் பின்னர் 2002-ல் பொருளாதார நோபல் பெற்றார்.

இதைக் கும்பக்கரை வாசலுக்குக் கொண்டு வாருங்கள். திரும்பிப் போகிற வேனுக்கு முடிவு என்பது ‘விடமாட்டாங்க’ என்ற ஒரு சொல். அதற்குப் பிறகு 10 நிமிடம் இதமாக ஏதாவது நடந்தால்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். கும்பக்கரைப் பாறைக் குழிகளுக்கு யானை கஜம், பாம்பு கஜம், உரல் கஜம் என்று பெயர்கள் உண்டு. பாதுகாப்பான தூரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, பாறை எப்படி உரல் மாதிரி குடைந்தது, மேலே எந்த மலையில் பெய்த மழை இப்போது கீழே ஓடுகிறது என்று கதையாகச் சொல்ல உள்ளூரில் ஆள் இல்லையா? பெரியகுளம் மாம்பழத்துக்குப் பெயர்போன ஊர். சீசனில் ஆளுக்கு ஒரு கீற்று. ‘அடுத்த முறை இதைக் காட்டினால் நுழைவு இலவசம்’ என்று முத்திரை குத்திய ஒரு அட்டை. இந்த அட்டையை வாசலில் இருப்பவரே கொடுக்கலாம் என்று ஒரே ஒரு உத்தரவு வேண்டும்.

அதைவிட முக்கியமான கொசுறு, முன்கூட்டியே சொல்வது. அருவி மூடியிருப்பது பெரியகுளத்திலேயே ஒரு பலகையில் தெரிந்தால், வேன் வைகை அணைக்குத் திரும்பியிருக்கும். 1959-ல் திறக்கப்பட்ட அந்த அணையின் பூங்காவும் குட்டி ரயிலும் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பழக்கம். அங்கேயும் நிலைமை நீர்மட்டத்தைப் பொறுத்தது. மொத்தம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. அணை திறந்தால், இரு கரைப் பூங்காக்களையும் இணைக்கும் சிறுபாலத்தில் நடக்க முடியாது. ஆனால் மதகு வழியே தண்ணீர் பாய்வதைக் கரையில் நின்று பார்ப்பதே ஒரு திருவிழாதான். இன்று எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று கும்பக்கரை, சுருளி, வைகை மூன்றையும் சேர்த்து ஒரே இடத்தில் தினமும் காலை 6 மணிக்குச் சொன்னாலே பாதி ஏமாற்றம் குறையும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

மூன்று எச்சரிக்கைகள் இருக்கின்றன.

பாதுகாப்பு முதலாவது. டிஸ்னி நெடுங்காலம் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை: பாதுகாப்பு, மரியாதை, காட்சி, செயல்திறன். பாதுகாப்புக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் இறந்ததை இந்த மாவட்டம் மறக்காது. 2023-ல் அரிக்கொம்பன் யானை கம்பம் வந்தபோது சுருளி மூடப்பட்டது. ‘பாவம், இவ்வளவு தூரம் வந்துட்டாங்க, ஒரு அஞ்சு நிமிஷம் குளிக்கட்டும்’ என்று தடையைத் தளர்த்துவது கொசுறு அல்ல. குரங்குக்குப் பிஸ்கட் போடச் சொல்லிப் படம் எடுப்பதும் அல்ல. இன்னொன்று, சுருளிக்கு வருபவர்கள் எல்லோரும் கும்மாளத்துக்கு வருவதில்லை. ஆடி, தை அமாவாசைகளில் இறந்தவர்களுக்குத் திதி கொடுக்க வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது உடை மாற்ற ஒரு சுத்தமான மறைப்பும் கொஞ்சம் அமைதியும்தான்.

அடுத்தது, விலை. டிஸ்னி பூங்காக்களில் 1999 முதல் வரிசையைத் தாண்டிப் போகும் வசதி காசில்லாமல் இருந்தது. 2021-ல் அது கட்டணச் சேவையாகிவிட்டது. முன்பு சும்மா கிடைத்தது என்று தெரிந்தவர்களின் கோபம் இன்னும் அடங்கவில்லை. கொசுறுக்கு விலைப்பட்டியல் போட்டால் அது கொசுறு அல்ல. திராட்சைத் தோட்டங்களும் இதை யோசிக்க வேண்டும். போட்டோவுக்கு ஒரு ரேட், உள்ளே வர ஒரு ரேட் என்று ஏறிக்கொண்டே போனால், பந்தலுக்குக் கீழே வெட்டிக் கொடுத்த அந்த ஒரு குலையின் ருசி போய்விடும்.

மூன்றாவது, கொடுப்பவரின் நிலைமை. சிலை மனிதரின் கால் வலிக்கு இங்கே வருகிறோம். 1983-ல் அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, சம்பளத்துக்காகச் சிரிப்பதும் ஒரு உழைப்புதான் என்று எழுதினார். நாள் கூலிக்கு வெயிலில் நிற்கும் ஒருவரிடம், ‘சிரிச்ச முகமா இருங்க’ என்று சுற்றறிக்கை அனுப்புவது சுலபம். அவருக்கு உட்கார ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், கோபமான கூட்டத்தைச் சமாளிக்கத் துணைக்கு இன்னொரு ஆள். செலவு இங்கேதான் முதலில் ஆக வேண்டும்.

கார்த்திகை பிறந்தால் சபரிமலை வண்டிகள் கம்பத்தில் வரிசை கட்டும். போகும்போது கம்பம்மெட்டு, திரும்பும்போது குமுளி. வழியில் சுருளியில் ஒரு குளியல், கூடலூரில் திராட்சை. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் மாதமும் அதுதான். கும்பக்கரையில் தடைப் பலகை அடிக்கடி தொங்குவதும் அப்போதுதான்.