வாரம் ஒருமுறைதான்... தினமும் அல்ல! குழந்தைகளின் மூட்டுவாத மருந்தில் கவனம்

'மூட்டுவாதமா? அது தாத்தா பாட்டிக்குத்தானே வரும்?' என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. 16 வயதுக்குள் தொடங்கி, வேறு காரணம் எதுவும் இல்லாமல் 6 வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் மூட்டு வீக்கத்தை 'ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்' என்கிறார்கள் மருத்துவர்கள். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது. அதனால், அந்தச் சக்தியைக் கொஞ்சம் அடக்கி வைப்பதுதான் சிகிச்சை. பெற்றோர் பயப்படுவதும் இங்கேதான். எதில் கவனம் தேவை?

மெத்தோட்ரெக்ஸேட்: அதிகம் தரப்படும் மருந்து இது. வாரத்தில் ஒரே நாள்தான். தவறிப்போய் தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதித்து, உயிருக்கே ஆபத்தாகலாம். கிழமையை முடிவுசெய்து காலண்டரில் குறித்துவிடுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை பார்க்க அதேபோல இருக்கலாம். தனி டப்பாவில் வையுங்கள். கல்லீரல், ரத்த அணுக்களுக்கான ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தடுப்பூசி: தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிகளிலும் போலியோ சொட்டு மருந்திலும் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. வீட்டிலுள்ள மற்ற குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து தருவதற்கு முன்பும் கேளுங்கள்.

அம்மை: பக்கத்து வீட்டிலோ வகுப்பிலோ யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா? உங்கள் பிள்ளைக்குக் கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல், அன்றே மருத்துவரை அழையுங்கள். வேப்பிலை மட்டும் போதாது.

காசநோய்: அடலிமுமாப், எடனர்செப்ட் போன்ற ஊசிகள், உடலில் உறங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடலாம். ஊசி தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

புற்றுநோய்: இந்த ஊசிகள் போட்ட சிறுவர்களில் சிலருக்குப் புற்றுநோய் வந்ததால், 2009-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விடுத்தது. அப்படி வருவது அரிது. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. சிகிச்சை இல்லாவிட்டால் மூட்டு நிரந்தரமாகச் சிதையலாம். வலியோ சிவப்போ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வையும் போகலாம். அதனால் கண் பரிசோதனையும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

மருந்து எடுக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், கடையில் மாத்திரை வாங்கித் தராதீர்கள். சாதாரணமாகக் கிடைக்கும் கோட்ரைமாக்ஸசோல், மெத்தோட்ரெக்ஸேட்டுடன் சேர்ந்தால் ரத்த அணுக்களைக் குறைத்துவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் மருந்துச் சீட்டைக் காட்டுங்கள்.