பறவைகளுக்கு வந்த தடை



ஜூன் பிறந்துவிட்டால் கிரேக்க நாட்டில் ஏதென்ஸ் எபிடாரஸ் விழா களைகட்டிவிடும். 1955-இல் தொடங்கிய விழா. ஆகஸ்ட் வரை இசை, நாடகம், நடனம் என்று நீளும்.

விழாவின் புகழ்பெற்ற அரங்குகள் இரண்டு. ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் சரிவில் உள்ள கல்லரங்கு ஒன்று. ஹெரோடஸ் அட்டிகஸ் என்ற செல்வர், இறந்துபோன மனைவி ரெஜில்லாவின் நினைவாக கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கட்டியது. குதிகால் உயர்ந்த செருப்போடு வருபவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை, கல் பாழாகிவிடும். மற்றொன்றான எபிடாரஸ் அரங்கு அதைவிடப் பழையது, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. நோய் தீர்க்கும் அஸ்கிளீபியஸ் தெய்வத்தின் கோயிலை ஒட்டி, 55 வரிசைகளோடு மலைச்சரிவில் விரிந்து கிடக்கிறது. கீழே ஒரு காசு விழுந்தால் மேல் வரிசையில் கேட்கும் என்பார்கள். ஆய்வாளர்கள் கருவி வைத்து அளந்து பார்த்து, அது கொஞ்சம் மிகை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பயிற்சி பெற்ற நடிகரின் குரல் ஒலிபெருக்கி இல்லாமலே மேலே போய்ச் சேருகிறது. 1960-இல் ஆப்பரா பாடகி மரியா கல்லாஸ் அங்கே 'நார்மா' பாட வந்தார். முதல் நாள் நிகழ்ச்சியை மழை கெடுத்துவிட்டது. கூரையில்லாத அரங்கில் அதுவும் உண்டு.

வெறும் பழம்பெருமை என்றால் இந்தப் பக்கத்தில் இதை எழுதியிருக்க மாட்டேன். என்னை இழுத்தது 1959-இல் நடந்த ஒரு ரகளை. அரிஸ்டோஃபனீஸின் 'பறவைகள்' கி.மு. 414-இல் அரங்கேறிய நகைச்சுவை நாடகம். அதை இயக்குநர் கரோலோஸ் கூன் அந்த ஆண்டு ஏதென்ஸ் அரங்கில் மேடையேற்றினார். இசை மனோஸ் ஹாஜிதாகிஸ். நாடகத்தில் வரும் பூசாரியை இன்றைய கிரேக்கத் திருச்சபைப் பாதிரியாரின் சாயலில் காட்டிவிட்டார் கூன். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. மறுநாளே அமைச்சர் கான்ஸ்டன்டீனோஸ் ட்சாட்சோஸ் நாடகத்துக்குத் தடை போட்டார். அதே நாடகம் 1962-இல் பாரிசில் கொண்டாடப்பட்டது. கிரேக்கத்தில் நடந்த ராணுவ ஆட்சி வீழ்ந்த மறு ஆண்டு, 1975-இல், எபிடாரஸ் மேடையிலேயே ஏறியது.

இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேலான ஒரு நாடகத்தைப் பார்த்து அரசாங்கம் கோபப்படுகிறது என்றால், அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்றுதானே பொருள்? பழையதைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டாமல் மேடையில் ஏற்றிச் சண்டை போட வைப்பதுதான் இந்த விழாவின் பெரிய பலம் என்பேன். சில ஆண்டுகளில் இயக்குநர்களின் புதுமை எல்லை மீறும், ரசிகர்கள் அங்கேயே உரக்கக் குரல் எழுப்புவார்கள். எழுப்பட்டும்.

கோடையில் கிரேக்கம் செல்லும் வாய்ப்புள்ள வாசகர்கள் எபிடாரஸுக்கு ஒரு வெள்ளி அல்லது சனிக்கிழமையை ஒதுக்குங்கள். நாடகம் பெரும்பாலும் இன்றைய கிரேக்க மொழியில் நடக்கும். ஆங்கில வரிகள் திரையில் ஓடும். கதையை முன்பே படித்துவிட்டுப் போங்கள். உட்காருவது கல்லில், ஒரு சிறு மெத்தையும் கையோடு இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்